யுத்தத்துக்குக் காரணம் எது?



தேசங்கள் யுத்தஞ் செய்வது மதத்துக்காக, மானத்துக்காக என்று நமக்குச் சொல்லப்படுகின்றது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர்களாகிய நாம் இதை விசாரிக்கத் தூரம் போக வேண்டியதில்லை. பழவேற்காடு இருக்கிறது.

1610ல் டச்சுக்காரர் அங்கே வியாபாரத்துக்கு அனுமதி பெற்றார்கள். 1612ல் போர்ச்சுகீசியர் வந்து அவர்கள் பண்டகசாலையை அழித்தார்கள். 1613ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. பிரேசில் முதல் மலாக்கா வரை நடந்த சண்டையில் இது ஒரு துண்டு.

ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புராட்டஸ்டண்டு. ஆகையால் மதச் சண்டை என்பீர்களோ? போர்ச்சுகலையும் சேர்த்தாண்ட ஸ்பெயின் அரசனும் டச்சுக்காரரும் 1609லேயே 12 வருஷத்துக்குச் சண்டை நிறுத்தம் செய்திருந்தார்களே! ஊரிலே சமாதானம், இங்கே பீரங்கி. ஏன்? நம் நெசவாளி நெய்த துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் மலிவாய்க் கிடைக்கும். அந்தத் துணி யார் கப்பலில் ஏறுவது என்பதே வழக்கு. துணி மட்டுமா ஏறிற்று? நம் ஜனங்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். அதற்கு எந்த வேதமும் குறுக்கே நிற்கவில்லை.

1824ல் லண்டனில் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். மறுவருஷம் பழவேற்காடு இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று. தறிக்காரனை ஒருவரும் கேட்கவில்லை.