தொடக்க வகுப்பில் அச்சமற்ற ஒழுங்கு



கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் தமிழ்ச்சொல், சமண முனிவர் உறைந்த இடத்தையும் குறித்த சொல்லாகும். வந்தவாசியை அடுத்த வேடலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் சமணப் பெண் ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கியரையும் குறிப்பிடுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்ற செய்தியும் அதில் உண்டு. கற்பிப்பது ஆசிரியரின் கடன். கற்கும் சூழலைக் காப்பது ஊரின் கடன். இவ்விரு கடன்களும் இன்று மிகுதியாகத் தேவைப்படும் இடம், ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் நடைபெறும் அறையே.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தை வீட்டை விட்டு வந்து, தன் வயதொத்த பலரோடு ஓர் அறையில் அமர்கிறது. அங்கே தாய்மடி இல்லை. நினைத்தபோது உண்ணவோ உறங்கவோ இயலாது. ஆசிரியர் ஒருவர், குழந்தைகள் பலர். அந்த அறையில் எவ்வாறு ஒழுங்கை உண்டாக்குவது என்பது பழைய வினா. அதற்குப் பலரும் அறிந்த பழைய விடை பிரம்பு. 'அடியாத மாடு படியாது' என்றும், 'முருங்கையை ஒடித்து வளர். பிள்ளையை அடித்து வளர்' என்றும் வழங்கும் பழமொழிகள் அவ்விடைக்குத் துணைநின்றன. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோரும் இருந்தனர்.

பிரம்பு அமைதியைத் தரும் என்பது உண்மையே. ஆனால் அந்த அமைதி, ஆசிரியர் வாயிற்படியைத் தாண்டியதும் கலைந்துவிடும். அஞ்சிய குழந்தை ஐயம் கேட்பதில்லை. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று வாய் திறப்பதில்லை. எழுத்தறியும் பருவத்தில் வாய்மூடிய குழந்தை, ஐந்தாம் வகுப்பை அடைந்தும் கூட்டெழுத்துப் படிக்கத் தடுமாறும். அப்போது, 'இவனுக்குப் படிப்பு வராது' என்று ஊர் தீர்ப்பெழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு வகுப்பறையில் விதைத்த அச்சத்தின் விளைச்சல் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

குசராத்தின் பாவநகரில் 1920-இல் குழந்தைகள் பள்ளி தொடங்கிய கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா, 'திவாஸ்வப்னா' என்னும் நூலில் இதனைக் கதையாகவே காட்டினார். அந்நூலில் வரும் புதிய ஆசிரியர், முதல் நாளன்று அமைதி விளையாட்டு ஒன்றை நடத்த முயல்கிறார். கதவுகளை மூடி அமைதியாக இருக்கச் சொல்கிறார். வகுப்போ கூச்சலும் சிரிப்புமாகிறது. மறுநாள் அவர் அமைதியைக் கேட்கவில்லை. கதை சொல்லத் தொடங்குகிறார். கேளாத அமைதி தானாக வந்து அமர்கிறது. குழந்தையின் மனம் ஒன்றில் ஈடுபடும்போது ஒழுங்கு அதன் நிழலாகத் தொடர்கிறது. நிழலை மட்டும் தனியே பிடிக்க முயல்வது வீண் உழைப்பு.

எனினும், கதையும் பாட்டும் மட்டுமே ஒரு வகுப்பை நடத்திவிடா. ஒழுங்கு என்பது குழந்தை பிறக்கும்போதே கொண்டுவரும் குணமன்று. அகரம் கற்பிப்பது போல் அதனையும் கற்பிக்க வேண்டும். செருப்பை எங்கே விடுவது, புத்தகப் பையை எங்கே வைப்பது, தண்ணீர் குடிக்க எப்போது எழுவது, கழிப்பறைக்குச் செல்ல எவ்வாறு கேட்பது, பென்சில் முனை முறிந்தால் என்ன செய்வது என்பனவெல்லாம் பாடங்களே. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களை இவற்றுக்கென ஒதுக்கும் ஆசிரியர் காலத்தை வீணாக்குவதில்லை. ஆண்டு முழுவதற்குமான காலத்தைச் சேமிக்கிறார். முதலில் சொல்லுதல், பின்பு செய்துகாட்டுதல், பின்பு குழந்தைகளைச் செய்யச் சொல்லுதல், மறந்தபோது சினவாமல் மீண்டும் செய்வித்தல் என இதற்குரிய படிகள் நான்கு.

சொல்லும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'ஓடாதே' என்னும் சொல், செய்யக்கூடாததைக் கூறுகிறதேயன்றிச் செய்யவேண்டியதைக் கூறவில்லை. 'மெதுவாக நடந்து வா' என்றால் குழந்தைக்கு வழி தெரிகிறது. பாராட்டும் இத்தகையதே. 'நல்ல பிள்ளை' என்னும் பொதுச்சொல்லைவிட, 'உன் அழிப்பானைத் தோழிக்குக் கொடுத்தாயே, அது நல்ல செயல்' என்னும் சொல் ஆழப் பதியும். அதைக் கேட்கும் பிற குழந்தைகளுக்கும் எது நல்ல செயல் என்பது விளங்கும்.

தவறு நேர்ந்தால் என் செய்வது? தண்ணீரைக் கொட்டிய குழந்தை துணியெடுத்துத் துடைக்கட்டும். பிறர் அடுக்கிய அட்டைகளைக் கலைத்த குழந்தை அவற்றை மீண்டும் அடுக்கட்டும். செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு இதனால் புலப்படும். முழங்காலிட வைப்பதற்கும் கொட்டிய தண்ணீருக்கும் எத்தொடர்பும் இல்லை. அங்கே குழந்தை கற்பது அவமானம் ஒன்றே. அடிக்கடி குறும்பு செய்யும் குழந்தையைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால், பல நேரங்களில் வேறொரு காரணம் வெளிப்படும். கரும்பலகை எழுத்துத் தெரியாத கண், சரியாகக் கேளாத செவி, இரவெல்லாம் உறக்கமின்மை, வெறும் வயிறு ஆகியவை குறும்பின் உருவில் வருவதுண்டு. தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பசித்த குழந்தையிடம் பாடத்தில் கவனத்தை எதிர்பார்ப்பது முறையன்று. மாணாக்கியர்க்குச் சோறிட முன்வந்த வேடல் ஊரார் அன்றே உணர்ந்த உண்மை இது.

சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூல், இலக்கணத்திற்கு முன்பே ஆசிரியரின் இயல்பைப் பேசுகிறது. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் காட்டுகிறது. நிலத்தின் பொறுமை, மலையின் நிலைபெயராமை, துலாக்கோலின் நடுவுநிலை, மலரின் மென்மை ஆகிய நான்கும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு நாள்தோறும் வேண்டுபவை. குறிப்பாக, நேற்று மன்னித்த செயலுக்கு இன்று சினந்தால் குழந்தை குழம்பும். ஒரு குழந்தைக்கு ஒரு நீதி, மற்றொன்றுக்கு வேறு நீதி என்றால் நம்பிக்கை முறியும். கற்பிக்கும் முறையைக் கூறுமிடத்தும் நன்னூல், அவசரமும் சினமும் இன்றி, மலர்ந்த முகத்தோடு, கேட்பவரின் கொள்ளுந்திறம் அறிந்து சொல்லவேண்டும் என்கிறது. வகுப்பறை மேலாண்மை என்று இக்காலம் பெயரிட்டு அழைப்பதன் சாரம் இதுவே.

இக்காலச் சட்டமும் இதனோடு ஒத்துநிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடைசெய்கிறது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் இன்னா செய்யாமையை அறமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இச்சட்டம் புதிய செய்தி தருவதன்று. பிரம்பை ஒழித்த பின்னும் 'மக்கு', 'மந்தம்' என்னும் சொற்கள் நிலைத்திருப்பின் வன்முறை முற்றும் நீங்கவில்லை என்பதே பொருள். 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம், கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. அரும்பு என்பது இழிசொல் அன்று. நாளை மலரவிருப்பது என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே இருக்கிறது.

ஆசிரியர்களின் இடர்ப்பாட்டையும் மறத்தல் ஆகாது. மேற்கூறிய சட்டத்தின்படி, 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அவ்விருவரே ஐந்து வகுப்புகளையும் பகிர்ந்து நடத்தவேண்டும். ஒரு குழுவுக்குப் பாடம் நடக்கையில் மற்றக் குழுக்கள் தாமே செயல்படப் பழகியிருந்தாலன்றி அங்கே கற்பித்தல் நடவாது. ஆகவே கரும்பலகை துடைத்தல், அட்டைகளைப் பகிர்தல், செடிக்கு நீர் வார்த்தல் போன்ற பொறுப்புகளை வாரந்தோறும் மாற்றி எல்லாக் குழந்தைகளுக்கும் அளித்தல் நன்று. குறும்புக்காரக் குழந்தைக்கும் அதில் முறை வரவேண்டும். பொறுப்பு ஏற்ற கை கலகத்தை நாடுவது குறைவு.

இதில் வீட்டின் பங்கு பெரிது. 'இரு, உன் டீச்சரிடம் சொல்கிறேன்' என்று மிரட்டும்போது, ஆசிரியரைப் பூச்சாண்டியாக்கிவிடுகிறோம் என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும். உரிய நேரத்தில் உறங்கச் செய்தல், தன் பொருளைத் தானே எடுத்துவைக்கப் பழக்குதல், பெரியவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கச் செய்தல் ஆகிய மூன்றும் வீட்டில் அமைந்தால் ஆசிரியரின் பாதிப் பணி நிறைவேறிவிடும். மாலையில் பள்ளி விட்டு வரும் குழந்தையிடம், 'இன்று எத்தனை மதிப்பெண்?' என்றோ, 'அடி வாங்கினாயா?' என்றோ கேட்பதை விடுத்து, 'இன்று டீச்சரிடம் என்ன கேள்வி கேட்டாய்?' என்று கேட்கலாம். அக்கேள்விக்கு நாள்தோறும் விடை கிடைக்குமாயின், அவ்வகுப்பில் அச்சம் இல்லை என்று அறியலாம். ஒழுங்கும் கல்வியும் அங்கே சேர்ந்தே வளரும்.