கட்டடம் போகட்டும், இடாப்பு எங்கே?

(கொட்டாஞ்சேனையில் கூடிய தோட்டப் பாடசாலைப் பழைய மாணவர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



நம் பழைய பள்ளிக்கூடத்தை இடித்த செய்தி கொழும்புக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போன பையன் ஒருவன் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினான். கொட்டாஞ்சேனையில் கடைகளில் நிற்கும் நாங்களும், வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்யும் நம் அக்காமாரும் அன்றிரவே அதைப் பார்த்துவிட்டோம். தகரமும் கருங்கல்லுமாக ஒரு குவியல், பின்னால் புதிய மாடிக் கட்டடம்.

அந்தக் கட்டடத்துக்காக அழ நாங்கள் இங்கே கூடவில்லை. அதில் படித்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். சுவர் இடுப்பளவு, அதற்கு மேல் கம்பி வலை. மழை சாய்ந்து அடித்தால் மூன்றாம் வகுப்பு எழுந்து ஐந்தாம் வகுப்பில் போய் உட்காரும். அதனால் மூன்றாம் வகுப்பிலேயே ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் கேட்டுக் கற்றவர்களும் நம்மில் உண்டு! மணி என்பது மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. கெயார் பிஸ்கட் கொடுக்கும் நாளில் பாயில் இடமிருக்காது. 1974 பஞ்சத்தில் பாயெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. வாத்தியார் பெயர் கூப்பிடுவார், பதில் வராது. பேனையை வைத்துவிட்டு, பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துவர லயத்துக்கு ஆள் அனுப்புவார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1907இல், சட்டம் வந்தது. 1945இல் நாட்டுக்கெல்லாம் இலவசக் கல்வி வந்தது. ஆனால் நம் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977க்குப் பிறகுதான். அதுவரை பெரும்பாலும் துரை விட்டதே பள்ளிக்கூடம். எண்பதுகளில் சுவீடன் நாட்டுச் சீடா உதவியில் சில தோட்டங்களில் புதிய கட்டடங்கள் எழுந்தபோது நாங்கள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். நமக்கு முறை வர இத்தனை வருடம் ஆனது. மாடிக் கட்டடம் வந்ததில் நமக்குச் சந்தோஷம்தான். நம் பேரப்பிள்ளைகள் நனையாமல் படிக்கட்டும்.

நாங்கள் கேட்பது வேறு. வாத்தியாரின் மேசைக்குப் பின்னால் பச்சை நிறத் தகர அலமாரி ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? அதில் பிரம்பு இருந்தது. அதற்குக் கீழே சேர்விடாப்பு இருந்தது. தடித்த அட்டை, கறையான் அரித்த ஓரம். நம் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், லய இலக்கம், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். கடைசிப் பத்தியில் பக்கம் பக்கமாக ஒரே வசனம் இருந்தது: ‘இந்தியா சென்றார்.’

1964இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் அன்று தெரியாது. பக்கத்தில் இருந்த பிள்ளை திங்கட்கிழமை வராது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டது என்பார்கள். அந்தப் பிள்ளையின் சிலேட்டு யாருக்கு என்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது சொல்லவே வெட்கமாயிருக்கிறது.

இடிப்பதற்கு முன் அந்த இடாப்புகளை என்ன செய்தார்கள் என்று விசாரித்தோம். பழைய கடதாசி வாங்க வந்தவரிடம் சாக்கில் கட்டிப் போட்டதாக ஒருவர் சொல்கிறார். மழையில் நனைந்து வீணாய்ப் போனதாக இன்னொருவர் சொல்கிறார். எப்படியானாலும் அவை இல்லை.

இல்லாவிட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு நடந்த இரவுகளை அவர்கள் பார்த்ததில்லை. அடையாள அட்டை இல்லாதவன் பொலிஸ் நிலையத்தில்தான் விடிந்து எழுவான். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அட்டை உள்ளவர்களுக்கே அந்தக் கதி.

நம்மில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். பிறப்பைப் பதியப் போனால் ஒருநாள் பேர் போய்விடும் என்று தகப்பன் போகவில்லை. அப்படிப்பட்டவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போனபோது கையில் கொண்டுபோனது பாடசாலை விடுகைப் பத்திரத்தைத்தான். அந்தப் பத்திரம் எழுதப்பட்டது அந்த இடாப்பைப் பார்த்துத்தான். 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை என்று 2003இல் சட்டம் வந்தபோது, நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று சொல்ல நமக்கென்று இருந்த எழுத்துச் சாட்சிகளில் அதுவும் ஒன்று.

சேமலாப நிதி வாங்கப் போகும் நம் அம்மாமாரைக் கேளுங்கள். செக்ரோலில் ‘ராமாயி’, அட்டையில் ‘இராமாய்’, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ‘ராமையி’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட அவர்கள் எத்தனை தரம் தொழில் காரியாலயத்துப் படி ஏறியிருக்கிறார்கள்! சங்கத்துக்கு வரும் முறைப்பாடுகளில் இது ஓயாத ஒன்று.

இங்கே வெள்ளவத்தையில் நெசவு மில் இருந்த இடத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி மாடி மாடியாக நிற்கிறது. ஆனாலும் 1933இல் அந்த மில் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் புத்தகங்களில் இருக்கிறது. கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய சங்கத்தின் தலைவராக நின்றதும் இருக்கிறது. நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்த ஒரே புத்தகம் அந்தச் சேர்விடாப்புத்தான்.

நம்முடையது போய்விட்டது. பழைய மண்டபத்தோடு இன்னும் நிற்கும் பாடசாலைகள் மலையகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் புதிய கட்டடம் வரும், வரவேண்டும். ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன் சேர்விடாப்புகளைப் படியெடுத்து ஒரு பிரதியை வலயக் கல்விக் காரியாலயத்தில் வைக்க வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் கடிதம் தயாரித்திருக்கிறோம். உங்கள் கையொப்பம் வேண்டும். உங்கள் தோட்டத்தில் எந்தக் கட்டடம் இடிபடப் போகிறது என்று தெரிந்தால், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். புல்டோசர் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் பாடசாலையின் விடுகைப் பத்திரம், முன்னேற்ற அறிக்கை, வகுப்புப் படம் எது வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துவிட்டு மூலத்தை உடனே திருப்பித் தருவோம். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், எங்களிடமும்தான். இந்தியாவுக்குப் போன நம் வகுப்புப் பிள்ளைகளில் நீலகிரிப் பக்கம் இருக்கும் இருவரோடு பேசக் கிடைத்தது. ஒருவரிடம் எழுபதுகளில் எடுத்த விடுகைப் பத்திரம் பத்திரமாக இருக்கிறதாம். அதில் வாத்தியாரின் கையெழுத்து இருக்கிறது, நம் பாடசாலையின் முத்திரையும் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடிதம் அந்த மூலை மேசையில் இருக்கிறது. தேநீர் குடிப்பதற்கு முன் கையொப்பம் போட்டுவிடுங்கள்.