தொற்று வேறு, தீட்டு வேறு



வெள்ளி விழா மேடையில் குழந்தைகளின் வாய்ப்புண்ணைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். நம் பிள்ளைகள் ஊரார் பிள்ளைகளோடு முதன்முதலாக ஒன்றாய் அமர்ந்து உண்ணும் இடம் அங்கன்வாடி. அங்கு நிகழ்வது எதுவும் நமக்குச் சிறிதன்று.

வாயைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் உலகெங்கும் பரவியுள்ளது. 50 வயதுக்குட்பட்டோரில் மூவரில் இருவரிடம் அது உள்ளதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு மதிப்பீடு. ஆகவே அது எந்தச் சேரிக்கும் உரியதன்று. எந்தத் தெருவுக்கும் அயலானதுமன்று.

எச்சிலும் முத்தமுமே அதன் முதன்மையான வழி. பலருக்கு எந்தக் குறியும் தோன்றாது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். ஈறு சிவந்து வீங்கும். வாயெங்கும் புண்ணாகி எச்சில் ஒழுகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் வலியால் குழந்தை நீரும் பருகாதிருந்தால் உடல் வறண்டுவிடும், அதுவே ஆபத்து. ஆறிய பின்னும் வைரஸ் நரம்பில் உறங்கும். பின்னாளில் உதட்டில் கொப்புளமாய் எழும். நாம் அதைச் 'சூடு' என்று தள்ளிவிடுகிறோம்.

தாய்மார்களே! எச்சில் ஒழுகும் நாட்களில் பிள்ளையை வீட்டில் வைத்துப் பேணுங்கள், நீராகாரத்தைச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சிவந்தால் ஒரு நாளும் தாமதியாதீர். உதட்டில் கொப்புளம் உள்ளவர் எவரும் பச்சிளங் குழந்தையை முத்தமிடலாகாது. பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்கு இது உயிரையே பறிக்கக்கூடும்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு சொல். புண்ணைக் காரணங்காட்டி ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிக் குவளை நீட்டினால், அது மருத்துவமன்று. நாம் நன்கறிந்த பழைய இரட்டைக் குவளையே. புண்ணற்ற வாயின் எச்சிலிலும் வைரஸ் இருக்கக்கூடும்; ஆதலின் ஒருவரை ஒதுக்குவதால் மற்றவர் காக்கப்படுவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு குவளை, எல்லோருக்கும் சோப்பு, வாயில் வைத்த பொம்மைகளைக் கழுவும் வழக்கம் – இவற்றைக் கேளுங்கள். பொதுவான விதி நோயைத் தடுக்கும். ஒருவர்மேல் மட்டும் பாயும் விதி மனிதனைத் தடுக்கும்.

இந்த வேறுபாட்டைக் கண்டு, எழுந்து நின்று சொல்லும் துணிவைத் தருவதற்கே கல்வி.