நிக்கியின் பெண்ணுருவங்கள்

சிற்பம் என்றதும் கல்லும் உளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1930-ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்த நிக்கி த சான் ஃபால் என்னும் அம்மையார் நாடியவை வேறு. கம்பி வலை, சாந்து, பின்னல் துணி, குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகள் ஆகியவற்றால் 1963-இல் அவர் ஒரு மணமகளை உருவாக்கினார். தொலைவிலிருந்து நோக்கினால் வெண்ணிற எழில். நெருங்கினால் அப்பொம்மைகள் அவள் மார்பில் அப்பிக் கிடக்கக் காணலாம். மணநாளிலேயே ஏறிவிட்ட இல்லறச் சுமை என்றே நான் அதைக் கொள்கிறேன்.

1965 முதல் அவருடைய பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். கம்பளி நூலும் துணியும் காகிதக் கூழும் கொண்டு பருத்த, வண்ணமயமான ‘நானா’க்கள் பிறந்தன. நம்முடைய ‘நானா?’ என்ற கேள்வியன்று. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பெண்ணைக் குறிக்கும் சொல். அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய நாடகத்தின் பெயர்தான் ‘நான்’! அது 1968-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் அரங்கேறியது.

நானாக்களை வெயிலிலும் மழையிலும் நிறுத்த விரும்பிப் பாலியெஸ்டர் பிசினைக் கையாண்டார். அதன் நச்சுப் புகை அவருடைய நுரையீரலைக் கெடுத்தது. ஆயினும் இத்தாலியின் டஸ்கனியில் சிற்பத் தோட்டமொன்றை எழுப்பினார். அங்குள்ள ‘பேரரசி’ச் சிலைக்குள்ளேயே சமையலறையும் படுக்கையும் அமைத்து, ஆண்டுக்கணக்கில் அதில் குடியிருந்து பணியை நடத்தினார். தோட்டம் 1998-இல் திறக்கப்பட்டது; அவர் 2002-இல் மறைந்தார்.