டியூ தேதியும் திரும்பும் லோடும்



பைனான்ஸில் லாரி எடுத்து, தானே ஓட்டிப் பிழைப்பது பற்றி வானொலி நிலையத்தார் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், அதனால் சரியென்று வந்துவிட்டேன். சொந்த ஊர் கெங்குவார்பட்டி. கிழக்கே வத்தலக்குண்டு, மேற்கே தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, அப்படியே போனால் கம்பம், குமுளி, அதைத் தாண்டினால் கேரளா. கொடைக்கானல் ஏறும் காட்ரோடும் பக்கத்தில்தான். தேங்காய், மாங்காய், நெல் என்று ஏற்றுவதற்கும் பஞ்சமில்லை. லாரிக்காரனுக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது.

முதலில் கடன். பழைய லாரிக்குக் கடன் என்றாலே பேங்குகள் தயங்கிய காலத்தில், 1979இல் சென்னையில் ஆரம்பித்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் டிரைவர்களை நம்பிக் கடன் கொடுத்தது. அதற்கு முன்பே 1954இல் சுந்தரம் பைனான்ஸ் வந்துவிட்டது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் டிரைவராக இருந்து ஓனரானவர்களைக் கேட்டால் இப்படி ஒரு கடன் கதை சொல்லாதவர் குறைவு.

கடன் வாங்கப் போகிற தம்பிமார் ஒரு கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பேனா எடுத்தாச்சா? 10 லட்சம் கடன், 4 வருஷம், ஃபிளாட் வட்டி 10 சதவீதம். வருஷம் ஒரு லட்சம் வீதம் வட்டி 4 லட்சம். மொத்தம் 14 லட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்தால் டியூ 29,167 ரூபாய். பத்து வட்டிதானே என்று தோன்றும். மாதாமாதம் நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே ஓடுகிறது. குறையும் அசலுக்கு என்று போட்டுப் பார்த்தால் இது ஏறத்தாழ 17.6 சதவீத வட்டி. கையெழுத்துக்கு முன்னால், “ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபப்படுகிற ஆபீஸில் கடன் வாங்காதீர்கள்.

ஆர்.சி.யில் உங்கள் பெயரோடு பைனான்ஸ் கம்பெனி பெயரும் ஏறும். ஹெச்.பி. என்கிற இந்த வாடகைக் கொள்முதலுக்கென்று நாடாளுமன்றம் 1972இல் தனிச்சட்டமே போட்டது. அது ஒரு நாள்கூட அமலுக்கு வராமல் 2005இல் ரத்தாகிவிட்டது. ஆகவே தகராறு என்று வந்தால் முதலில் புரட்டுவது நீங்கள் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டைத்தான். நகல் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள், டேஷ்போர்டில் வேண்டாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், நிலையத்தார் கோபிக்கக் கூடாது. ரிட்டர்ன் லோடு!

டியூ தேதி மாறாது, வாடகை நாளுக்கு நாள் மாறும். டீசல், டோல், படி, புரோக்கர் கமிஷன் எல்லாம் கழித்தால் போகும் வாடகை டியூவுக்கே சரியாக இருக்கும். வீட்டுச் செலவுக்கான காசு திரும்பி வரும் வண்டியில்தான் இருக்கிறது. கேரளாவுக்கு அரிசி, காய்கறி, வாழைத்தார் என்று இங்கிருந்து போவது அதிகம், அங்கிருந்து வருவது கொஞ்சம். கோட்டயத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியை மலை ஏற்றினால் டீசல் நம் கைக்காசு. அதனால் நான் பெரும்பாவூர் பக்கம் போய்விடுவேன். பிளைவுட் கம்பெனிகள் நிறைய உள்ள ஊர். லோடு கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்துக்கிடந்த ஒரு தடவை வீட்டிலிருந்து போன். “காலியாவாச்சும் வந்து சேருங்க, இங்க மாங்கா லோடு காத்துக்கெடக்கு” என்றாள் என் வீட்டுக்காரி. எது லாபம் என்று நோட்டை எடுத்து அவள்தான் போட்டுப் பார்த்தாள். நான் சொன்ன 29,167 ரூபாய் டியூவையே எடுத்துக்கொள்ளுங்கள்: வண்டி சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் சுமார் 970 ரூபாய் போகிறது, சாப்பாடு தனி. மாங்காய் சீசனில் காலியாக ஓடி வந்தாலும் தேவலை. மற்ற மாதங்களில் காத்திருந்து ஏற்றுவதே சரி. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை அவள்தான்.

தூர லோடில் எனக்கு ஆசையானது மத்தியப் பிரதேசம். இங்கிருந்து தேங்காய் ஏற்றிப் போகிற வண்டியில், திரும்பும்போது மந்த்சௌர், நீமச் சந்தைகளில் பூண்டு ஏற்றலாம். அது எங்கே இறங்கும் தெரியுமா? நம்ம பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டி பூண்டுச் சந்தையில். வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து இறங்குகிற லோடு எத்தனை பேருக்கு வாய்க்கும்? தார்ப்பாய் கட்டும்போது காற்றுப் போக வழிவிட வேண்டும். பூண்டு புழுங்கினால் வியாபாரி வாடகையில் பிடித்துக்கொள்வார். என்ன, இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேத்தி கிட்டவே வரமாட்டாள், அவ்வளவு வாசம்.

வாடகை பேசும்போது அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி என்றைக்கு, இறக்க நாளானால் ஹால்டிங் உண்டா என்று லோடு ஏறும் முன்பே கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால், “பாத்துக்கலாம்ணே” என்பார்கள். அந்தப் பாத்துக்கலாமை நான் எந்தப் பேங்கில் போட்டு மாற்றுவது?

கடனும் லோடும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். அமெரிக்காவிலும் டிரைவர்கள் தவணைக்கு லாரி எடுக்கிறார்கள். அங்கே பல இடங்களில் லாரியைக் கொடுக்கிற கம்பெனியே லோடும் கொடுக்கிறது. லோடைக் குறைத்தால் தவணை நிற்கும், தவணை நின்றால் லாரியும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. இதை ஆராய அந்நாட்டு அரசு அமைத்த குழு, 2025 ஜனவரியில், இந்த முறையையே தடை செய்யச் சொன்னது. நமக்குக் கடன் ஒரு இடம், லோடு வேறு இடம். அந்த மட்டில் நாம் பரவாயில்லை. இங்கேயும் யாராவது, “வண்டியும் தர்றோம், லோடும் எங்களுதுதான்” என்று வந்தால் மாதத்துக்கு எத்தனை லோடு என்று எழுதி வாங்குங்கள்.

நேரம் ஓடிவிட்டது, மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். டியூவுக்காக ஓவர்லோடு ஏற்றாதீர்கள்: 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. தவணையைத் தள்ளிப்போடலாம் என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். 2020 கொரோனாவில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. டியூ தவறினாலும் அடியாள் வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. டயருக்கும் இன்சூரன்சுக்கும் மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். டயரைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் விடிய விடியப் பேசுவேன்.

கேட்டுக்கொண்டிருக்கிற டிரைவர்களில் யாருக்காவது இந்த மாதம் கடைசி டியூவாக இருந்தால் அவருக்கு என் வாழ்த்து. பணம் கட்டிய கையோடு என்.ஓ.சி.யும் கம்பெனி கையெழுத்துப் போட்ட 35ஆம் நம்பர் படிவமும் வாங்கிக்கொண்டு நேராகத் தேனி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி.யை ரத்து செய்துவிடுங்கள் அண்ணே. இன்சூரன்சிலும் கம்பெனி பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.