மாதவிடாய் நின்றபின் ஈறு நலமும் வைட்டமின் ‘டி’யும்
(மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஐம்பதைக் கடந்த தாய்மார்களிடம் ஈறு பற்றிக் கேட்டால், “வயதாகிவிட்டது, பல் ஆடத்தானே செய்யும்” என்றே விடை வருகின்றது. நாம் அதனை ஏற்பதற்கில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்புத் தேய்மானம் விரைவுபெறுகின்றது. பல்லைத் தாங்கி நிற்பதும் எலும்பே. வைட்டமின் ‘டி’, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்கத் துணைபுரிகின்றது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் மாதவிடாய் நின்ற 920 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. இரத்தத்தில் இச்சத்து மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தோருக்கு ஈறு நோய் வாய்ப்பு 33 சதவீதம் குறைவாயிருந்தது. உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பல்லெலும்பின் தேய்மானத்தை அளந்தபோது அத்தொடர்பு காணப்படவில்லை. ஐந்தாண்டு கழித்து மீண்டும் சோதித்தபோதும், இச்சத்து நோய் முற்றுவதைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

நம்மிடம் சிகிச்சைக்கு வந்த தாயார் ஒருவர், ஈற்றில் இரத்தம் கசிவதை நிறுத்தவென்று 60,000 யூனிட் மாத்திரையைப் பல மாதங்களாகத் தாமே வாங்கி உண்டு வந்தார். கசிவு நிற்கவில்லை. பார்த்தால், ஈற்றுக்குக் கீழே காரை கெட்டித்துக் கிடந்தது! காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சத்தால் அவர் பல் மருத்துவரை நாடவே இல்லையாம். கரையான் புற்றுதான் சுவரைத் தாங்குகின்றது என்பது போன்றதே இது. காரையை நீக்கிய சில வாரங்களில் கசிவு அடங்கியது. மாத்திரை மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்பு கூடிச் சிறுநீரகம் கெடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். இளவெயில் இதமானதுதான், ஆனால் வைட்டமின் ‘டி’யை உண்டாக்கும் கதிர் உச்சிப்பொழுதை ஒட்டியே மிகுதி. சன்னல் கண்ணாடி அதனைத் தடுத்துவிடும். வெளியே செல்கையில் உடலை மறைத்துச் செல்லும் நம் பெண்கள், மறைப்புள்ள முற்றத்திலோ மொட்டை மாடியிலோ முகத்திலும் கைகளிலும் வெயில் படச் சிறிது நேரம் இருக்கலாம். மத்தி மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இச்சத்து உண்டு.

ஈற்றில் இரத்தம் கண்டால் முதலில் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளோர் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மாத்திரையை இரத்தப் பரிசோதனைக்குப்பின் மருத்துவர் குறித்த அளவே உண்ணுங்கள். இப்போது உண்டுவரும் தாய்மார்கள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்திருப்பின், கூட்டம் முடிந்ததும் நம்மிடம் காட்டலாம்.