பின்கதவும் ஒரு பல்லும்



வீட்டுக் கதவைத் தாழிடும்போது கொண்டி நாதாங்கியில் சென்று விழுகிறது. அதை நீக்க ஒரு கை வேண்டும். இக்காலத்து மோட்டார் வண்டிகளின் பின்கதவிலும் கொண்டியும் நாதாங்கியுமே உள்ளன. நீக்கும் கை மட்டும் மாறிவிட்டது. அக்கையின் தொழிலை இன்று மின்சாரம் செய்கிறது. எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம்.

வண்டியின் உடற்பகுதியில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுவே நாதாங்கி. கதவில் நண்டின் கொடுக்குப் போன்ற சுழலும் கவ்வி உண்டு. கதவை அழுத்தி மூடும்போது கம்பி கவ்வியைச் சுழற்றி, அதன் பிளவினுள் அகப்பட்டுக் கொள்கிறது. உடனே சிறு பல் ஒன்று, சுருள்வில்லின் விசையால் கவ்வியின் விளிம்பில் விழுந்து, அதனைத் திரும்பவொட்டாது தடுக்கிறது. ஆகவே கதவு மூடியிருப்பதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை, திறப்பதற்கே வேண்டும். இதை மனத்திலிருத்துங்கள்.

எண்பலகைக்கு மேலே, விளிம்பின் அடியில், ரப்பர் போர்த்த பொத்தான் ஒன்று பல வண்டிகளில் இருக்கும். அதுதான் கதவைத் திறக்கிறது என்று காண்போர் எண்ணுவர். உண்மையில் அது எதனையும் திறப்பதில்லை. வண்டியினுள் இருக்கும் சிறு கணிப்பொறிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதோடு அதன் வேலை தீர்ந்தது. கணிப்பொறியோ கண்டிப்பான காவற்காரன். வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா? கதவுகள் பூட்டப்பட்டுள்ளனவா? ஆம் எனில், உரியவர் அருகில் இருக்கிறாரா?

கடைசி வினாவுக்கு விடை காணும் முறை அழகானது. வண்டி, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், சில அடி தூரமே எட்டும் மெல்லிய அலையொன்றை அனுப்புகிறது. சட்டைப் பையிலுள்ள சாவி அதனால் விழித்தெழுந்து, 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலையில் தன் அடையாளத்தைச் சங்கேதமாகச் சொல்லுகிறது. என் குரலை இப்போது உங்களிடம் சுமந்து வருவதும் அந்த அலையினமே.

விடை பொருந்தினால், கவ்வியருகேயுள்ள சிறு மோட்டாருக்கு மின்சாரம் கணநேரம் பாய்கிறது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, தடுத்திருந்த பல் விலகுகிறது. கவ்வி கம்பியை விடுகிறது. அழுந்தியிருந்த ரப்பர் பட்டை கதவைச் சற்றே வெளித்தள்ளுகிறது. நாம் சிறிது தூக்கினால் போதும். இருபுறத்து உருளைகளில் அடைபட்ட நைட்ரஜன் வாயு மீதி பாரத்தை ஏற்றுக் கொள்ளும்.

மின்கலம் தீர்ந்துவிட்டால்? பல் இருந்த இடத்திலேயே இருக்கும். பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. உள்ளே ஒருவர் இருந்தால் இது வேடிக்கையன்று. 1998-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில், மூன்று தனித்தனி நிகழ்ச்சிகளில், 11 குழந்தைகள் கார்களின் பின்பெட்டிகளுள் அகப்பட்டு மாண்டனர். அதன் பின்னரே, உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி ஒன்று, இருளிலும் கண்ணுக்குப் புலப்படுமாறு, பின்பெட்டியில் இருத்தல் வேண்டும் என்ற விதி 2001 செப்டம்பர் முதல் அந்நாட்டுப் புதிய கார்களுக்கு ஏற்பட்டது.

இருக்கைப் பக்கத்தோடு சேர்ந்த பின்கதவுகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும் பல வண்டிகளில் கதவின் உட்புறத்தே சிறு மூடி ஒன்றிருக்கும். அதன் பின்னே ஒரு நெம்புகோல். அதன் இடம் வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியோடு தரும் கைந்நூலில் அது குறிக்கப்பட்டிருக்கும். அந்நூலைப் பிரித்துப் பார்ப்பவர்தாம் அரியர். அதை நகர்த்தினால், மோட்டார் விலக்கும் அதே பல், மின்சாரத்தின் தயவின்றி விலகும்.